நூல் மேடம்

கேன்டீன் சாம்பாரில் விரல் விட்டுத் தூக்கிப் பார்க்கிற ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. எதிரில் உட்கார்ந்திருந்த நடுவயது அம்மா ஒருவர் தட்டிலிருந்த சாம்பாரை ஆள்காட்டி விரலால் தொட்டார். கட்டைவிரலோடு ஒட்டி, மெதுவாகப் பிரித்தார். இரண்டுக்கும் நடுவில் என்ன வருகிறது என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

"இன்னாப்பா, மைதா கரைச்சு ஊத்திட்டியா?"

"பருப்புதான் மேடம்."

"பருப்பு இப்படி நூல் வராது. இங்க பாரு, வருது."

பரிமாறுகிறவர் நூலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார். அடுத்த மேசையில் ஒருவன் சன்னமாகச் சொன்னான்: "நூல் மேடம் உட்டுச்சுடா நூலு." எங்கள் பக்கம் நூல் விடுவது என்றால் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பது. அதனால் அந்தப் பெயருக்கு எப்போதும் ஒரு சிரிப்பு கூடவே வந்தது. அவருக்கும் அது தெரியும். திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்க நூலு எங்கயாவது மாட்டிச்சாடா இதுவரைக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டார். மேசையே அடங்கிவிட்டது.

ஒரகடத்திலிருந்து வல்லம் போகிற சாலையில், கார் கம்பெனிகளுக்கு இடையில் ஒடுங்கி நின்ற சின்னக் கம்பெனி எங்களுடையது. செய்தது கோந்து. அஞ்சலுறை ஒட்டும் கோந்து அல்ல. முட்டைக்கோஸ் இலையைக் கருக வைக்கிற ஒரு பாக்டீரியா உண்டு. அதற்குச் சர்க்கரை கொடுத்துப் பெரிய தொட்டியில் வளர்த்தால் தன்னைச் சுற்றி வழவழவென்று ஒரு பசையைச் சுரக்கும். அதைச் சூடாக்கி, ஆல்கஹாலில் விட்டால் நனைந்த பஞ்சு மாதிரித் திரண்டு வரும். காயவைத்து அரைத்தால் வெள்ளைப் பொடி. தக்காளி சாஸில் ஒரு சிட்டிகை போட்டால் தண்ணீர் தனியாகப் பிரியாது. பற்பசையில் போகும், துணிக்குச் சாயம் அச்சடிக்கப் போகும், எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றில்கூடப் போகும்.

இதை என் அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "எம் மவன் படிச்சிட்டு கோந்து காச்சறான்" என்றுதான் தெருவில் சொன்னாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன். அவள் மைக்ரோபயாலஜி என்று சொல்லிப் பழகியிருந்தது அந்த வேலை கிடைக்கும் வரைக்கும்தான்.

நான் குவாலிட்டி லேபில். நூல் மேடம் பக்கத்து அறையில், தாய் வித்துக்குப் பொறுப்பு. ஒரு டேங்க் முழுக்க வளர்வது எதுவும் ஒரு சின்னக் குழாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் குழாய்களைக் கெடாமல் வைத்திருப்பது அவர் வேலை. சாதாரண வித்து அல்ல அது. கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து தட்டு தட்டாக வளர்த்து, எது கெட்டியாகச் சுரக்கிறதோ அதை மட்டும் பொறுக்கி, அதன் வாரிசிலிருந்து மறுபடியும் பொறுக்கி அவரே தேற்றி எடுத்தது. வேறெங்கும் கிடையாது.

தினமும் காலையில் வட்டத் தட்டுகளைத் திறப்பார். மஞ்சள் மஞ்சளாகப் பொட்டு வைத்தாற்போல் பாக்டீரியாக் கூட்டங்கள். ஒவ்வொன்றையும் பல்குச்சியால் தொட்டு உயரத் தூக்குவார். பசை இருந்தால் குச்சியோடு நூல் இழுபட்டுக்கொண்டு வரும். இல்லாவிட்டால் குச்சி வெறுமனே வரும். நூல் வந்தது கோந்து. வராதது மொட்டை. இந்த இரண்டு சொல்தான் அவருடைய விஞ்ஞானம் முழுக்க. ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கும்போதும் ஓரத்தில் பென்சிலால் 'மொட்டை' என்று எழுதி வைத்திருப்பார்.

அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. கேன்டீன் கஞ்சி, கை கழுவும் சோப்பு, மழை நாளில் செருப்பில் ஒட்டிய சேறு, எதைக் கண்டாலும் தொட்டுத் தூக்குவார். ஒருமுறை என் அம்மா கொடுத்தனுப்பிய வெண்டைக்காய்ப் பொரியலை நீட்டினேன். ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு வருத்தமாகத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா மொறுமொறுன்னு வதக்கியிருக்காங்கப்பா உங்கம்மா. அதுங்கிட்ட இருந்ததே அந்தக் கோந்து ஒண்ணுதான். அதையும் விடல."

மொட்டை ஏன் வருகிறது என்று ஒரு நாள் கேன்டீனில் கேட்டான் டேங்க் ஓட்டுகிற ஆபரேட்டர் ஒருவன், ஒல்லியானவன், வாய் அதிகம். அவர் அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மேசைமேல் டம்ளர்களை வரிசையாக அடுக்கினார்.

"உன் மச்சான் கார் கம்பெனில லைன்ல நிக்கறானே, அது மாதிரிதான். இந்தக் கோந்து போடறதுக்கு பன்னெண்டு ஜீன் ஒரே வரிசையா உக்காந்திருக்கும். முத ஆள் ஒரு சர்க்கரைய எடுத்து வைப்பான். அடுத்தவன் அதுமேல இன்னொண்ணு. இப்படியே போய், கடைசில இருக்கறவங்க எல்லாத்தையும் சங்கிலியாக் கோத்து வெளிய தள்ளுவாங்க. இதுல ஊர் சுத்தற ஒரு துண்டு டிஎன்ஏ இருக்கு. அதுக்குன்னு வேலை கிடையாது. தாவித் தாவி எங்கயாவது போய் உக்காரும். அது இந்த வரிசைக்கு நடுவுல வந்து உக்காந்துச்சுன்னு வை..." ஓர் உப்புக் கிண்ணத்தைத் தூக்கி இரண்டு டம்ளர்களுக்கு நடுவில் டொக்கென்று வைத்தார். "லைன் நின்னுடும். மொட்டை."

"அப்ப அந்த மொட்டை செத்துடுமா மேடம்?"

"அங்கதான் இருக்கு சமாச்சாரம். சாவாது. நல்லா கொழுக்கும். கோந்து போடறதுன்னா எவ்ளோ செலவு தெரியுமா? தின்ற சர்க்கரைல பெரும்பங்கு அதுக்கே போவுது. மொட்டைக்கு அந்தச் செலவே இல்லையே. அது பாட்டுக்குத் தின்னும், பெருகும். ரெண்டையும் ஒண்ணா விட்டா கொஞ்ச நாள்ல டேங்க் பூரா மொட்டைதான்."

"அப்ப கோந்து போடறவன் கேனைன்றீங்க."

"இலைல இருந்தா கேனை இல்ல. வெயில் அடிச்சா காயாம இருக்கணும், செடியோட சண்டை போடணும், அதுக்குக் கோந்து வேணும். இங்க நாம வேளாவேளைக்கு சர்க்கரை போடறோம், ஏசி போடறோம். இங்க அதுக்கு எதுக்குக் கோந்து? நமக்குத்தான் வேணும்." உப்புக் கிண்ணத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். "எல்லாம் கடைசில மொட்டைதான் ஆகும்ப்பா. நான் செய்யறது கொஞ்சம் தள்ளிப்போடறது, அவ்ளோதான்."

அந்த ஒரு வாக்கியத்தை அவர் எங்கும் சொல்வார். புதுச் சாலையில் முதல் மழைக்கே பள்ளம் விழுந்தபோது சொன்னார். சங்கம் வைக்கலாம் என்று பேசிய ஆட்களில் பாதிப்பேர் சூப்பர்வைசர் ஆனபோது சொன்னார். எனக்கு வேலை நிரந்தரமானதும் மைசூர்பாகு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு துண்டு எடுத்து, உடைத்து, உள்ளே பார்த்து, "பெர்மனன்டா? சந்தோஷம். பாத்துக்க, வசதி வந்தாதான் மொட்டை ஆவும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மேடத்துக்கு மணிமங்கலத்தில் வீடு. கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட். வீட்டில் யார் யார் என்று அவர் சொன்னதில்லை, கேட்கிற தைரியம் எங்களுக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் வந்து தட்டுகளைப் பார்த்துவிட்டுப் போவார் என்று செக்யூரிட்டி சொல்வார். அதிலிருந்து நாங்களாக எதையோ ஊகித்துக்கொண்டோம்.

தாய்க் குழாய்கள் எல்லாம் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் ஒன்றில் உறைந்து கிடந்தன. உறைந்திருந்தால் பெருகாது, பெருகாவிட்டால் மொட்டை விழாது. இரண்டாவது ஃப்ரீசர் ஒன்று வேறு கட்டிடத்தில் வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் கேட்டார். "தாய ஒரே வூட்ல வெச்சிருக்கக் கூடாது சார்" என்று அவர் ஜி.எம்.மிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பது பதில்.

அந்த வருடம் ஆயுத பூஜை வழக்கம்போல்தான் நடந்தது. டேங்குகளைக் கழுவி, பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தோம். மேடம்தான் ஃப்ரீசரின் கதவில் பொட்டு வைத்தார். பொரி கடலை வாங்கிக்கொண்டு மதியம் பஸ் ஏறும்போது ஃப்ரீசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் பிறகு தொடர் விடுமுறை.

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் மண்ணூர்க்காரர். கான்ட்ராக்ட் ஆள்தான், ஆனால் மெஷின்களைப் பிள்ளை மாதிரி பார்ப்பார். பூஜை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது, ஓட்டக் கூடாது என்பதில் அவருக்குச் சமரசமே கிடையாது. எல்லோரும் போன பிறகு ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு வந்தவர், லேபில் ஃப்ரீசர் ஒன்று மட்டும் உறுமிக்கொண்டிருப்பதைக் கேட்டார். அணைத்தார். மறுநாள் வந்து போடலாம் என்று நினைத்திருக்கிறார். மறுநாள் கேட்டில் செக்யூரிட்டி அவரை உள்ளே விடவில்லை. விடுமுறை நாளில் கான்ட்ராக்ட் ஆளுக்கு பாஸ் இல்லை.

விடுமுறை முடிந்து மேடம் கதவைத் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். உள்ளிருந்து தண்ணீர் வழிந்து குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. அவர் ஒரு குழாயை எடுத்து ஆட்டினார். உள்ளே தளதளவென்று ஆடியது. இன்னொன்று. அதுவும் ஆடியது. எல்லாவற்றையும் அப்படி ஆட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனால் பார்த்தார்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வாசலில் வந்து நின்றார். விஷயம் அவருக்குப் புரிய கொஞ்ச நேரமானது.

"வருசம் பூரா மூச்சு விடாம ஓடுது மேடம் அது. எல்லாத்துக்கும் ஓய்வு குடுத்தோம், இது மட்டும் பாவம் கத்திகினே கீது. ஒரு நாளாவது நிக்கட்டும்னுதான்..."

"சரி விடுண்ணா" என்றார் மேடம். "நல்ல மனசுலதான செஞ்ச."

விசாரணையில் அதையே சொன்னார். ஃப்ரீசர்மேல் அணைக்காதே என்று எழுதி ஒட்டாதது தன் தப்பு என்றும் சொன்னார். எலக்ட்ரீஷியனை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். சாமான் பையோடு போகிறபோது அவர் லேப் ஜன்னலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டது மேடத்தையா ஃப்ரீசரையா என்று எனக்குத் தெரியவில்லை.

உருகிய குழாய்களிலிருந்து எதுவும் முளைக்கவில்லை. மிச்சம் இருந்தது சாதாரண ஃப்ரிட்ஜில் அன்றாட உபயோகத்துக்கு வைத்திருந்த ஒன்றிரண்டு குழாய்கள். திரும்பத் திரும்ப வளர்த்து வளர்த்துக் களைத்துப்போனவை. அதைத் தட்டில் பரப்பினால் ஒவ்வொரு குச்சியும் வெறுமனே வந்தது. மொட்டை, மொட்டை, மொட்டை. அதை வைத்து ஓட்டிய டேங்க்கில் கஞ்சித் தண்ணீர் மாதிரி வந்தது. வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஜி.எம். மேடத்தைக் கூப்பிட்டு, பொங்கல் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் பழைய கோந்து வராவிட்டால் டேங்க்குகளை நிறுத்திவிட்டு வெளிநாட்டுப் பொடியை வாங்கிப் பையில் அடைத்து விற்கலாம் என்று சொல்லிவிட்டார். டேங்க் நின்றால் அதை ஓட்டுகிறவர்கள், லேபில் இருக்கிறவர்கள், எல்லோரும் வெளியே. இது கேன்டீனுக்கு வரச் சாயங்காலம்வரைகூட ஆகவில்லை.

அப்போதுதான் மேடம் முட்டைக்கோஸ் நாற்று வாங்கிவந்தார்.

காலியாகக் கிடந்த பேக்கிங் அறையில் ஏசி போட்டு, பழைய பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பி, வரிசையாக நட்டார். இலை விரிந்ததும் கத்தரிக்கோலை அந்தக் களைத்த வித்தில் நனைத்து இலை ஓரங்களை நறுக்கினார். அவர் கணக்கு எளிமையானது. தட்டில் மொட்டைக்குக் கொண்டாட்டம். இலைக்குள் அப்படி முடியாது. செடி எதிர்த்துச் சண்டை போடும். கோந்து உள்ளவன்தான் நரம்பு வழியாக உள்ளே போவான். கோடியில் ஒருவன் மிச்சம் இருந்தாலும் அவனை இலை பொறுக்கிக் கொடுத்துவிடும்.

ஒல்லி ஆபரேட்டர் தினமும் எட்டிப் பார்ப்பான். "மேடம், கூட்டு எப்ப? தேங்கா நான் எடுத்தாறேன்."

"நோவு வரட்டும்டா மொதல்ல."

"உலகத்துலயே செடிக்கு நோவு வரணும்னு வேண்டிக்கற ஒரே ஆள் நீங்கதான் மேடம்."

சொன்னானே தவிர, அவன்தான் ஷிஃப்ட் முடிந்ததும் வாளிகளுக்குத் தண்ணீர் ஊற்றினான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டாரிடம் அவன் வேலை பெர்மனன்ட் என்று சொல்லியிருந்தார்கள்.

மார்கழிக் குளிரில் நோய் வந்தது. இலை ஓரத்திலிருந்து உள்நோக்கி மஞ்சள் முக்கோணமாக இறங்கி, நரம்புகள் மை ஊற்றினாற்போல் கறுத்தன. முதல் கறுப்பைப் பார்த்ததும் மேடம் கத்தரிக்கோலை எடுத்தார். ஓரத்தை வெட்டி, அரைத்து, தட்டில் பரப்பினார். முளைத்து வந்ததும் வழக்கம்போலப் பல்குச்சி. வெறுமை. வெறுமை. பிறகு ஒன்று. குச்சியை உயர்த்தினார், நூல் வந்தது. கையை இன்னும் உயர்த்தினார், அறுபடவில்லை. எழுந்து நின்று தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை, நூலைப் பார்த்துக்கொண்டே, "லைட்டப் போடுப்பா" என்றார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அதைச் சின்ன டேங்க்கில் வளர்த்து, ஒரு கண்ணாடிக் குடுவையில் எடுத்துக்கொண்டு பொங்கலுக்கு முன்பே ஜி.எம். அறைக்குப் போனார். நான் கூடவே போய் வாசலில் நின்றேன், ஆபரேட்டர் கீழே படிக்கட்டருகே காத்திருந்தான். மேடம் குடுவையை ஜி.எம். மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே இருந்தது விழவில்லை. களி மாதிரி அப்படியே நின்றது.

ஜி.எம். நல்ல மனிதர்தான். குடுவையை விரலால் தட்டிப் பார்த்தார். "ரொம்பப் பிரமாதம் மேடம். ஆனா வெளிநாட்டுப் பொடி கன்டெய்னர் துறைமுகத்துக்கு வந்துடுச்சு. மேல போன மாசமே முடிவு பண்ணிட்டாங்க. டேங்க்கு எல்லாத்தையும் வாங்கறவங்க வந்து அளவு எடுத்துட்டுப் போயாச்சு."

"போன மாசமேவா?"

"உங்களுக்குச் சொல்லியிருக்கணும். நீங்க அந்தச் செடியோட இருந்தீங்க. எப்படிச் சொல்றதுன்னு..."

மேடம் குடுவையை நிமிர்த்தி வைத்தார். "டேங்க் போகட்டும் சார். இதுல ஒரே ஒரு குழாய மட்டும் அரசாங்க வித்து வங்கில குடுத்து வைக்க அனுமதி குடுங்க. அவங்க உறைய வெச்சு வைப்பாங்க. பின்னால யாருக்காவது உதவும்."

"கம்பெனி சொத்து மேடம் அது. வெளிய தர விடமாட்டாங்க. அதோட கட்டிடத்த குடோனா மாத்தறாங்க. உயிரோட ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு எழுத்துல கேக்கறாங்க. நீங்களே கொன்னு முடிச்சிட்டு ஒரு கையெழுத்து..."

வெளியே வந்ததும் ஆபரேட்டர், "இன்னா மேடம், ஓக்கேவா?" என்று கேட்டான். "நல்லாருக்குன்னு சொன்னாருப்பா" என்றார். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து நான் தரையைப் பார்த்தேன்.

கொல்வதற்கு ஆட்டோகிளேவ். பெரிய பிரஷர் குக்கர்தான் அது. தட்டுகள், குழாய்கள், பெயின்ட் வாளிச் செடிகள் எல்லாவற்றையும் பைகளில் கட்டி அவரே அடுக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், ஒரே ஒரு குழாய். பைல போட்டுகினு போயிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"எடுத்துட்டுப் போய்?" என்றார். "வீட்டு ஃப்ரிட்ஜ்ல இட்லி மாவு பக்கத்துல வைக்கணும். மாசாமாசம் எடுத்து வளக்கணும். வளக்க வளக்க மொட்டை விழும். என் வூட்ல, என் கண்ணு முன்னால அது மொட்டை ஆவறத நான் பாக்கணுமா? இப்பப் போனா கோந்தாவே போவும்."

கடைசியாக அந்தக் குடுவையையும் உள்ளே வைத்து மூடியைத் திருகினார். ஆவி ஏறி, வேலை முடிந்து, ஆறுகிறவரைக்கும் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அறை முழுக்க வெந்த முட்டைக்கோஸ் வாடை. திறந்ததும் மற்றப் பைகளைத் தொடவில்லை. குடுவையை மட்டும் எடுத்து, நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்து, கண்ணாடிக் கம்பியை விட்டுத் தூக்கினார்.

நூல் வந்தது.

உயிரோடிருந்தபோது வந்ததைப் போலவே, அறுபடாமல், நீளமாக. சூடு இந்தக் கோந்தை ஒன்றும் செய்யாது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்ததுதான். அதனால்தானே அதை விற்றோம். ஆனாலும் அவர் கம்பியைப் பிடித்தபடியே நின்றார்.

"இத்தனை வருஷமா" என்றார், "நூல் வந்தா அது உசுரோட நல்லாருக்குன்னு நெனச்சிகினு இருந்தேன்பா."

கம்பியைக் குடுவைக்குள் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடப் போய்விட்டார்.

நான் இப்போது இருங்காட்டுக்கோட்டையில், கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற இடத்தில் இருக்கிறேன். 'எம் மவன் ரப்பர் காச்சறான்' என்கிறாள் அம்மா. ஒல்லி ஆபரேட்டரின் கல்யாணம் தள்ளிப்போய்ப் பிறகு நின்றது. மேடம் ஆள் எடுத்துக் கொடுக்கிற ஒரு கான்ட்ராக்டரிடம் இருக்கிறார் என்றார்கள். வடநாட்டுப் பையன்களைக் கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோய் விடும் வேலை.

போன மாதம் ஒரகடம் கூட்டுரோட்டில் டீக்கடையில் பார்த்தேன். அவர்தான் முதலில் கூப்பிட்டார். இளைத்திருந்தார். அம்மாவைப் பற்றி விசாரித்தார். டீயோடு குலாப் ஜாமூன் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். பேசிக்கொண்டே ஸ்பூனால் வெட்டினார். ஜீரா கெட்டியாகத் தட்டின் விளிம்பில் வழிந்து மேசைமேல் சொட்டியது.

அந்தச் சொட்டையே பார்த்தேன். அவர் விரல் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"அங்க ஓவர்டைம் எல்லாம் உண்டாப்பா உங்களுக்கு?" என்று கேட்டபடியே, தினத்தாள் கிழிசல் ஒன்றை எடுத்து அதைத் துடைத்து, கசக்கி, மேசைக்குக் கீழே போட்டார்.

"உண்டு மேடம்" என்றேன்.